ஓனரம்மா எள் பொறுக்கிய சாயங்காலம்

எங்கள் வீட்டில் கன்னடம் என்றால் நான்தான். அப்பாவுக்கும் தெரியும், ஆனால் விடிந்ததும் பொம்மசந்திராவுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவார். ஆரணியிலிருந்து ஸ்ரீராம்புரத்துக்கு வந்து ஒரு வருடமாகியும் அம்மா வேணும், வேணாம் என்கிற ‘பேக்கு, பேடா’வைத் தாண்டவில்லை. காய்காரரிடம் பேரம் பேச, மாடியில் இருந்த ஓனரம்மாவிடம் சேதி சொல்ல, எல்லாவற்றுக்கும் இரண்டாம் வகுப்பு படித்த என்னைத்தான் முன்னால் தள்ளுவாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

அந்தப் பொங்கலன்று பானை பொங்கி அம்மா நிமிர்ந்த நேரத்தில், ஓனரம்மா பட்டுப்புடவையும் தட்டுமாக வாசலில் நின்றார். வறுத்த எள், வெல்லத்துண்டு, கொப்பரை, வேர்க்கடலை எல்லாம் கலந்து, மேலே ஒரு கரும்புத் துண்டு. “எள்ளு பெல்லா திந்து ஒள்ளே மாத்தாடி” என்றார். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதே பேசுங்கள் என்று நான் அழகாகச் சொன்னேன். அம்மா தட்டைப் பார்த்தாள். “பேடா” என்று கதவைச் சாத்திவிட்டாள்.

எங்கள் ஊரில் எள் செத்தவர்களுக்கு இறைப்பது. நல்ல நாளும் அதுவுமாக அதைக் கொண்டுவந்து நீட்டுவார்களா என்று பொருமினாள். குளித்துவிட்டு வந்த அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இவங்க வழக்கத்துல அத வேணாம்னா, உன் சங்காத்தமே வேணாம்னு அர்த்தம். இந்த வாடகைக்கு வேற வீடு எங்க கெடைக்கும்?”

தானே போய்ச் சமாதானம் சொல்வதாகவும் சொன்னார். “நானே போறேன்” என்றாள் அம்மா.

சாயங்காலம் ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கலோடு கிளம்பினாள். நான் என் கன்னடத்தை வாய்க்குள் அடுக்கிக்கொண்டே பின்னால் போனேன். படியில் திரும்பி, நீ வாயைத் திறக்கக் கூடாது என்றுவிட்டாள்.

ஓனரம்மாவின் முகம் இறுகியிருந்தது. அம்மா தூக்கைக் கீழே வைத்து, அந்தத் தட்டைக் காட்டிக் கும்பிட்டாள். பிறகு அவர் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

“எஷ்டு திங்களு?” என்றார் ஓனரம்மா. அம்மா இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு மாதமாகவா வயிற்றுவலி என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஓனரம்மா அம்மாவை உட்கார வைத்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெல்லம், கொப்பரை, கடலை என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வெல்லத்தில் ஒட்டியிருந்த எள்ளை நகத்தால் சுரண்டிவிட்டு அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அரைமணி நேரம் இருக்கும். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சந்நிதானத்தில் அதற்குப் பிறகு நான் நின்றதில்லை. கடைசி வெல்லத்தையும் தின்றுவிட்டு அம்மா, “ஒள்ளே மாத்தாடி” என்றாள். ஓனரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆவணியில் தம்பி பிறந்தான். எனக்கு அடுத்து உண்டான இரண்டு அம்மாவுக்குத் தங்கவில்லை என்பதும், எள் கருவைக் கலைத்துவிடும் என்ற பயமும், தம்பி உண்டானதை அப்பாவிடம்கூட அவள் அதுவரை சொல்லவில்லை என்பதும் நான் பெரியவளான பிறகே தெரிந்தது. அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒன்றும் புரியாதவளும் நான் ஒருத்திதான்.