லெய்மாராவும் பெல்ஜியத்து விருந்தாளியும்

எங்கள் சட்டப் புலத்துக்கு வெளிநாட்டுப் பேராசிரியர்கள் வந்தால் அவர்களை மேய்ப்பது லெய்மாராவின் வேலை. விமான நிலையத்தில் மாலை போடுவாள், விருந்தினர் வீட்டில் கொசுவலை கட்டுவாள், எந்தக் கடையில் கவா என்கிற போதை வேர்ச்சாறு குடித்தால் மறுநாள் வகுப்புக்கு எழுந்திருக்க முடியும் என்று சொல்லிக் கொடுப்பாள். முகம் நிறையச் சிரிப்பு. ஆனால் வந்தவர்களில் ஒருவரையும் அவள் நம்பியதில்லை. பக்கத்து மேசையில் இருக்கும் எனக்குத்தான் அது தெரியும். நானும் அப்படித்தான். மலகுலாத் தீவில் பிறந்தவன் பெற்ற அப்பனையே இரண்டு தரம் விசாரித்துவிட்டுத்தான் நம்புவான்.

காரணம் இல்லாமல் இல்லை. முன்பு வந்த ஒரு பேராசிரியர் ஊர் ஊராகப் போய் நில வழக்கங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த வருஷமே கடலோர நிலம் தேடும் ஒரு ஓட்டல் கம்பெனிக்கு ஆலோசகராக எங்கள் தலைநகர் போர்ட் விலாவிலேயே வந்து இறங்கினார். தெருவில் எங்களைப் பார்த்தால் கையசைப்பார். வெட்கம் கெட்ட மனுஷன்.

அதற்கப்புறம் வந்தவர் யோரிஸ். பெல்ஜியத்துக்காரர், ஒல்லி, எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார். வந்த முதல் வாரமே லெய்மாராவிடம், "உங்க ஊர் வடகரையில தானே? அங்க நிலம் தாய்வழியில வருதாமே? உங்க பெரியவங்க யார்கிட்டயாவது பேசணுமே" என்றார்.

சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தவள் மேசையில் பையைத் தொப்பென்று போட்டாள்.

"மசிங் அண்ணே, இத்தனை தீவு இருக்கு. இந்த ஆளுக்கு எங்க ஊருதான் கிடைச்சுதா?"

அவள் பயம் எனக்குப் புரிந்தது. அவர்கள் ஊரில் சின்ன ஓடைக்கும் பெரிய ஓடைக்கும் நடுவில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு நிலம். அதில்தான் அவள் அம்மா வள்ளிக்கிழங்கு போடுகிறாள். லெய்மாரா வீடு கட்ட நினைத்திருப்பதும் அங்கேதான். பெரிய ஓடைவரை எங்களுடையது என்பது அவர்கள் சொல். சின்ன ஓடையோடு உங்கள் எல்லை முடிந்தது, மிச்சம் எங்களுடையது என்று பெரிய ஓடைக்கு அக்கரையில் இருக்கும் குடும்பம் வழக்குப் போட்டிருந்தது. ஊர்ப் பெரியவர்களின் நில மன்றம் கூடுவதற்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து யோரிஸ், அக்கரைக் குடும்பத்தின் வக்கீலோடு சந்தையில் உட்கார்ந்து இலையில் சுட்ட லாப்லாப் கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்ததை லெய்மாரா பார்த்துவிட்டாள்.

"அவன் நம்மகிட்ட படிச்சவன்தானே, புள்ள. கூப்பிட்டிருப்பான், போயிருப்பார்" என்றேன்.

"கூப்பிட்டான் சரி. என்னைப் பார்த்ததும் ரெண்டு பேரும் பேச்சை ஏன் நிறுத்தினாங்க?"

"வாய் நிறையச் சாப்பாடு இருந்திருக்கும்."

"நீங்களா இப்படிப் பேசறது? உடம்புக்கு எதுவும் இல்லையே?"

அந்த வாரக் கடைசியில் அவள் ஊருக்குப் போய்த் தாய்மாமன் கல்தாபாங்கைப் பார்த்தாள். அந்த வம்சத்தின் நிலக்கதையைச் சொல்ல உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். வெளியாளுக்கு யாரும் நிலக்கதையை முழுசாகச் சொல்லமாட்டார்கள். ஓரிடத்திலாவது கோணலாக்கி வைப்பார்கள். எங்கள் தீவிலும் அப்படித்தான். எங்கே கோணலாக்குவது என்பதை இந்த முறை லெய்மாரா முடிவு செய்தாள்.

"சின்ன ஓடையோட நம்ம எல்லை முடிஞ்சுதுன்னு சொல்லிடுங்க மாமா. கடல் பார்த்த நிலம் நம்முது இல்லைன்னு தெரிஞ்சா, எவனுக்கு வேலை பார்க்கிறவனா இருந்தாலும் நம்ம பக்கம் வரமாட்டான்."

மாமா யோசித்தாராம். "அம்மாகிட்ட கேட்டியா?"

"அம்மாவுக்கு எதுக்கு இதெல்லாம்?"

யோரிஸ் போனார், பாய் விரித்து உட்கார வைத்தார்கள், கோழி அடித்தார்கள், கதை சொன்னார்கள். திரும்பி வந்தவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு நாள் லெய்மாராவைப் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொன்னார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

விருந்தினர் ஊர் திரும்பும் முன் பொதுச் சொற்பொழிவு செய்வது எங்கள் வழக்கம். யார் வேண்டுமானாலும் வரலாம், முடிந்ததும் பழச்சாறும் கேக்கும் உண்டு. யோரிஸ் மாமாவைக் கூப்பிட்டிருந்தார். மரியாதை தெரிந்த மனுஷன், அக்கரைப் பெரியவரையும் கூப்பிட்டிருந்தார். கடைசியில் பரிசாகக் கொடுக்க வேண்டிய பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு லெய்மாரா மேடையோரம் நின்றாள்.

யோரிஸ் நன்றாகத்தான் பேசினார். எழுதி வைக்காத சட்டத்தை எங்கள் பெரியவர்கள் எவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டுத் திரையில் படத்தைக் காட்டினார். சின்ன ஓடை.

"இதுதான் எல்லைன்னு கல்தாபாங் ஐயாவே எனக்குச் சொன்னார். தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் உண்மையைச் சொல்ற மனுஷரை நான் இங்கதான் பார்த்தேன்."

அக்கரைப் பெரியவர் மெதுவாக எழுந்தார்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல? கல்தாபாங் இங்கேயே உக்காந்திருக்காரு."

எங்கள் மண்ணில் சபையில் ஒருவர் பேரைச் சொல்லி ஒன்றைச் சொல்லி, அவர் மறுக்காமல் இருந்தால், அது அவர் வாக்கு. மறுப்பதென்றால் மாமா எழுந்து, நான் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். லெய்மாரா பாயை இடுக்கிக்கொண்டு நடுவே வந்தாள்.

"அது பொய். மாமா மேல தப்பில்ல, நான்தான் சொல்லச் சொன்னேன்."

யோரிஸின் முகம் வெளுத்துவிட்டது. "நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணும் செய்யல" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பாயை அவர் கையில் கொடுத்தாள். கேக்கை யாரும் தொடவில்லை.

நில மன்றம் கூடியது. மாமா உண்மையான கதையை, பெரிய ஓடைவரை, ஒரு பேர் விடாமல் சொன்னார். கேட்டு முடித்த மன்றத் தலைவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இது எங்களுக்குச் சொல்ற கதையா, விருந்தாளிக்குச் சொல்ற கதையா?"

நிலம் அக்கரைக்குப் போய்விட்டது.

யோரிஸ் நல்லவர்தான் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். அக்கரைக்காரரையும் கூப்பிட்டு வைத்து அந்தப் படத்தை எதற்குக் காட்டினார் என்று எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. லெய்மாராவிடம் கேட்டேன். "அவரைச் சும்மா விடுங்க அண்ணே" என்றாள்.

மறுவாரம் ஒரு கூடை வள்ளிக்கிழங்கோடு ஆபீசுக்கு வந்தாள். நிலத்தைக் காலி செய்யச் சொன்னதால் அவள் அம்மா முற்றுவதற்கு முன்பே தோண்டி எடுத்தது. மேசை மேசையாகப் பங்கு வைத்தாள். எனக்கு வந்த கிழங்கு விரல் தடிமன்கூட இல்லை.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்றேன்.

"என்னைக் கேட்டிருக்கலாமேன்னாங்க" என்றாள்.