அரசாங்கம் அப்படியே நம்பிவிட்ட வெர்லின்

வடக்கு விஸ்கான்சினில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருக்கும் ‘பிர்ச் பாயின்ட்’ சப்பர் கிளப் என்ற இரவு உணவகத்தில் வெர்லின் ஸீபெல் இருபத்திரண்டு ஆண்டுகள் பார் மேசைக்குப் பின்னால் நின்றார். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வரும் கூட்டம் மேசை கிடைக்கும்வரை அவர் முன்னால்தான் நிற்கும். நின்றால் பிராந்தி வேண்டும். பிராந்தி ஊற்றியவருக்கு டிப்ஸ் வேண்டும். இந்த ஒழுங்கில் உலகம் சரியாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

சம்பளம் என்று முதலாளி கொடுத்தது மணிக்கு இரண்டு டாலருக்குக் கொஞ்சம் மேல். மீதியை டிப்ஸ் ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். எவ்வளவு டிப்ஸ் வந்தது என்பதை வாரக் கடைசியில் ஊழியரே ஒரு சீட்டில் எழுதித் தருவார். அரசாங்கத்துக்குத் தெரிவது அது மட்டும்தான். கார்டு தேய்க்கும் கருவியை முதலாளி கடைக்குள் விடவில்லை. ஆகவே எல்லாம் ரொக்கம். வெர்லின் தம் சீட்டில் குறைந்தபட்சக் கூலியைத் தொடும் அளவுக்கு எழுதுவார். அதற்கு மேல் ஒரு காசும் கூட்டி எழுத மாட்டார். பனிவண்டிப் பந்தயம் நடந்த சனிக்கிழமை, கண்ணாடி ஜாடி நிரம்பி, ஐஸ் வாளியில் நோட்டுப் போட வேண்டி வந்தது. அன்றைக்கும் அவருடைய சீட்டின்படி ஊரில் தாகமே இல்லை.

புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கும் இந்த ஞானத்தை இலவசமாக வழங்குவார். “இங்க பாரும்மா, நீ எழுதுறதுதான் கணக்கு. ஜாடி வந்து சாட்சி சொல்லாது.”

அவருடைய மைத்துனர் கார்டிக்கு இந்த ஞானம் ஏறவேயில்லை. கார்டி செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரி வைத்திருந்தார். வரும் ஒவ்வொரு டாலரையும் எழுதி, வரி கட்டி, அதற்காக வருத்தப்படவும் செய்யாத பிறவி. ஒவ்வொரு ஆண்டும் நவம்பரில் நன்றி நாள் வான்கோழி விருந்தில் வெர்லின் அவரைச் சீண்டுவார்.

“மச்சான், அந்த நாத்தத்துல நின்னு சம்பாதிக்கிற. அதையும் கொண்டுபோய் அவங்க கையில குடுக்கிற. நீ ஒருத்தன் இல்லேன்னா கவர்மெண்டு மூடிட்டுப் போயிருக்கும்.”

“கிழங்க இந்தப் பக்கம் தள்ளு, மாப்ள,” என்பதோடு கார்டி நிறுத்திக்கொள்வார்.

போன அக்டோபரில் முதலாளி கிளப்பை விற்றுவிட்டு அரிசோனா வெயிலுக்குக் குடிபோனார். வாங்கியவர்கள் இடித்துக் கட்டி மே மாதக் கடைசியில்தான் திறப்போம் என்றார்கள். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் வேறு வேலை கிடையாது. பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். கார்டியின் உதவியாள் மட்டும் அந்த வாரம்தான் வேலையை விட்டு நின்றிருந்தான்.

“வசந்தம் வரைக்கும் லாரிக்கு வாயேன், மாப்ள.”

“இது பிராந்தி ஊத்துன கை, மச்சான். உன் குழாயெல்லாம் புடிக்காது. வேலையில்லாதவனுக்குன்னு மாநிலத்துல பணம் குடுக்கிறான். வாங்கிக்கிட்டு ஏரியில பனியத் துளைச்சு மீன் புடிக்கப்போறேன்.”

வெர்லினின் மனக்கணக்கு இதுதான்: அதிகம் சம்பாதித்த காலாண்டு எதுவோ அதில் நூற்றுக்கு நான்கு, வாராவாரம் கிடைக்கும். உச்சவரம்பு முந்நூற்று எழுபது. கோடையில் மூன்று மாதத்தில் பன்னிரண்டாயிரம் பார்த்தவர் அவர். உச்சவரம்பில்தான் போய் இடிப்பார். அதோடு மனைவி டார்லீனின் பள்ளிச் சமையலறைச் சம்பளமும் சேர்ந்தால் வீட்டுக்கடன் தவணையைக் கட்டிவிடலாம். வாரம் முந்நூறுக்குக் குறைந்தால் முடியாது. ஆனால் குறைய என்ன காரணம் இருக்க முடியும்?

சாப்பாட்டு மேசையில் டார்லீன் கணினியைத் திறந்து, உதவித்தொகையை உத்தேசமாகச் சொல்லும் அரசுப் பக்கத்துக்குப் போனார்.

“போன வருஷக் கோடைக்கு எவ்ளோ போட?”

“பன்னெண்டாயிரம்.”

“சம்பளச் சீட்டுல இருக்கிறபடி போடணுமாம்.” எழுந்துபோய்ச் சீட்டுகளை எடுத்துவந்து கூட்டினார். “மூவாயிரத்து நூத்தி இருபதுதான் வருது, வெர்லின்.”

“அது அவங்களுக்குச் சொன்னது.”

“எவங்களுக்கு?”

“கவர்மெண்டுக்கு.”

“இப்ப பணம் குடுக்கப்போறது யாரு?”

டார்லீன் பொத்தானை அழுத்தினார். வாரம் நூற்று இருபத்து நான்கு டாலர் என்று வந்தது.

“மெஷின்ல ஏதோ கோளாறு. திரும்பப் போடு.”

திரும்பப் போட்டார். கோளாறு உறுதியாக இருந்தது.

“இந்த நாட்டுல உழைக்கிறவன் பேச்ச எவனும் நம்புறதில்ல,” என்றார் வெர்லின்.

“நம்பிட்டாங்களே. அதானே வினை,” என்றார் டார்லீன்.

மறுநாள் காலை வெர்லின் மாநில அலுவலகத்துக்குத் தொலைபேசினார். எடுத்த பெண் மிகவும் மரியாதையானவர்.

“சம்பளக் கணக்குல கொஞ்சம் விட்டுப்போச்சும்மா.”

“முதலாளி விட்டுட்டாருங்களா சார்?”

“இல்ல, டிப்ஸுதான். நான் எழுத மறந்துட்டேன்.”

“எவ்ளோ இருக்கும்?”

“ஒரு… ஒம்பதாயிரம்.”

“திருத்திக்கலாம் சார், ஒண்ணும் பிரச்சினையில்ல. வரி ஆபீசுலயும் திருத்தணும், அவ்ளோதான். மறதி அந்த மூணு மாசம் மட்டுமா, அதுக்கு முன்னாடியும் உண்டுங்களா?”

நாய் குரைக்கிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்று வெர்லின் போனை வைத்தார். அவர் வீட்டில் நாய் கிடையாது.

பிறகு ஒரு உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் வசந்தம்வரை ஆறாயிரத்துச் சொச்சம் கூடுதலாக வரும். அதே உண்மைக்கு இருபத்திரண்டு ஆண்டு வரி, வட்டி, அபராதம் என்று எதிர்ப்பக்கம் எழுத ஆரம்பித்தார்; உறையில் இடம் போதவில்லை. உண்மை பேசுவது வசதியுள்ளவர்களுக்கான பழக்கம் என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த தவணைக்கு ஒன்பது நாள் இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு கார்டியின் கொட்டகைக்கு நடந்தார்.

இருபது வருட வான்கோழி விருந்துகளுக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கக் கார்டிக்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. அவர் லாரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

“பூட்ஸு என்ன சைஸு, மாப்ள?”

அவ்வளவுதான் கேட்டார். வெர்லினுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் பிராந்தி ஊற்றிய கை குழாய் பிடித்தது. தவணைகள் தவறவில்லை. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிகாகோக்காரர் ஒருவருடைய ஏரிக்கரை வீட்டில் டேங்க் உறைந்து, விருந்தினர் பதினோரு பேர் ஒரே கவலையில் இருந்தார்கள். வெர்லின் இரண்டு மணி நேரம் பனியில் நின்று சரிசெய்தார். வீட்டுக்காரர் கண் கலங்க இருபது டாலரைக் கையில் திணித்தார்.

லாரியில் ஏறியதும் வெர்லின் அந்த நோட்டைக் கார்டியிடம் நீட்டினார்.

“எழுதிக்கோ.”

“உனக்குக் குடுத்தது மாப்ள. பாக்கெட்ல வை.”

“எழுது மச்சான். என் சம்பளத்துல ஏத்து. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா காகிதத்துல இருக்கிறதுதான் வரும்.”

கார்டி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். “சரி. இதுல பென்ஷன், மருத்துவ வரின்னு ஒரு டாலர் அம்பத்து மூணு காசு புடிப்பாங்க. அதுக்கு மேல வருமான வரி.”

வெர்லின் ஒரு மைல் தூரம் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“பத்துன்னு போட்டுக்கோயேன்,” என்றார்.