நாலு மலை தெரிந்த கண்

போன வாரம் பண்ணைக்காடு போகிற பஸ்ஸில் நான் கத்திவிட்டேன்.

நம்புவீர்களா? பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி கோழி விரட்டுகிறவள் நான். அன்றைக்கு டிரைவரே திரும்பிப் பார்த்தார். கத்தியதுதான் கத்தினேன்... என்னவென்று கத்தினேன்? "விபூதி வேண்டாம்!" என்று! பழனிக்காரி, அதிலும் அடிவாரத்தில் விபூதிக் கடை வைத்திருப்பவனின் அக்கா!

நடந்தது இதுதான். என் தம்பி மகள் கோமதி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கண்ணில் ஒரு லென்ஸ் உண்டு. மூக்கில் மாட்டுகிற கண்ணாடி இல்லை. கருவிழி மேலேயே ஒட்டிக்கொள்கிற சில்லு, உளுந்துத் தோல் அளவுதான் இருக்கும். மலைக்காற்று முகத்தில் அடிக்க, கண்ணைக் கசக்கினாள். சில்லு தெறித்துவிட்டது.

"யாரும் அசையாதீங்க!" என்று ஒரு அதட்டுப் போட்டாள் பாருங்கள்... கண்டக்டர் ஒற்றைக் காலில் நின்றார். டிரைவர் ஓரமாக நிறுத்தினார். நல்லவேளை, அவள் பாவாடை மடிப்பிலேயே கிடந்தது.

அவள் என் கூஜாத் தண்ணீரில் கையையும் சில்லையும் கழுவி, விரல் நுனியில் வைத்துக் கண்ணருகே கொண்டுபோகிறாள். அப்போது முன் சீட்டுப் பெரியவர் — நல்ல மனிதர், பாவம் — பிள்ளைக்குக் கண்ணில் என்னவோ ஆகிவிட்டது என்று பதறி, பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கை நிறைய விபூதியோடு அவள் முகத்துக்கு நேரே ஊத வந்தார்.

அப்போதுதான் கத்தினேன்.

"ஏந் தாயி, சாமி இல்லைங்கிற கட்சியா நீங்க?" என்றார் அவர். பஸ்ஸே என்னைப் பார்த்தது. அன்றைக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லையே!

போன வருஷம் கிட்டிப்புள் தெறித்து கோமதிக்கு அந்தக் கண்ணில் அடி. புரை விழுந்து, மதுரையில் ஆபரேஷன் ஆயிற்று. அப்புறம் தடித்த கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டால் ஒரு கண்ணுக்கு எல்லாம் பெரிசு, மறு கண்ணுக்குச் சிறிசு. இரண்டும் சேரவே இல்லை. எங்கள் வாசலில் நின்றால் முருகன் மலையும் இடும்பன் மலையும் தெரியும். கோமதிக்கு மட்டும் நாலு மலை! படியிறங்கினால் எந்தப் படி நிஜம் என்று தெரியாமல் விழுவாள்.

டாக்டர் இந்தச் சில்லை மெட்ராஸிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். "தினமும் போட்டுப் பழகணும். விட்டுட்டா அந்தக் கண்ணு பார்க்கிற வேலையையே மறந்துரும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

யார் பழக்குவது? அவள் அம்மா பாக்கியம், "எம் பிள்ளை கண்ணுல நான் விரல வைக்க மாட்டேன் மதினி" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். தம்பிக்குக் கடைச் சோலி. மிஞ்சியது நான். ஆட்களின் காலைப் பார்த்தே பேசிப் பழகினவள், ஒரு சாண் தூரத்தில் பிள்ளையின் கண்ணுக்குள் பார்க்க வேண்டும். சரி என்றேன். கோமதிக்குக் கண் வேண்டுமே!

வெள்ளனே எழுந்திருப்போம். கை கழுவுவோம். நான் அவள் மேல் இமையைப் பிடிக்க, அவள் கீழ் இமையை இழுத்துக்கொண்டு சில்லை வைப்பாள். வைத்ததும் அலறல்! கண் மிளகாய்ப் பழமாகச் சிவக்கும். ஒரு நாள் சில்லு தெறித்து தோசை மாவில் விழுந்து, மாவு முழுவதையும் கரண்டி கரண்டியாகத் துழாவினோம்.

பாக்கியம் சும்மா இருப்பாளா? கை கழுவினதும் விபூதித் தட்டோடு வந்துவிடுவாள். கோமதியும் நானும் ஒரு சிட்டிகை எடுத்துப் பூசி, "முருகா" என்றுவிட்டுத்தான் சில்லைத் தொடுவோம். எரிச்சல் கூடக்கூட வேண்டுதலும் கூடியது. கடைசியில் மூடிய இமை மேலும் ஒரு கோடு!

ஒரு நாள் தம்பி பொறுமை இழந்துவிட்டான்.

"போதும்க்கா. இவ பயந்தாங்கொள்ளி. டப்பாவுல போட்டு மூடு. ஒத்தக் கண்ணே போதும்னு இருந்துக்குவோம்."

"நான் பயப்படலப்பா. எரியுது!"

"எரியறதுக்கு அது என்ன மிளகாயா, புள்ள?"

கோமதி என் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவை, அத்தை" என்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது... கை மட்டும் நீட்டியே இருக்கிறது.

அந்தக் கண்ணீரைப் பார்க்கத் தாங்காமல் அவள் விரலைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சில்லின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ. என் விரலைப் பார்த்தேன். ரேகைக்கு ரேகை வெள்ளை!

எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பா மூடியில்கூட விபூதி படிந்திருக்கும். எங்களுக்கு அது தூசியாகவே தோன்றியதில்லை.

எப்படிச் சொல்வது? சோறு போடுகிற விபூதியாயிற்றே! தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டேன்: "தம்பி, விபூதிதான் எரியுது."

"நம்ம விபூதியையா குத்தம் சொல்றே? கலப்படம் கெடையாதுக்கா!"

"விபூதி மேல குத்தம் இல்லப்பா. நெத்திக்கு உள்ளத நாம கண்ணுல போடுறோம்."

பாக்கியம் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சாமியக் கும்பிடாமயா கண்ணுல கை வைக்கச் சொல்றீங்க, மதினி?"

"நான் மனசுக்குள்ள கும்பிட்டுக்கறேம்மா" என்றாள் கோமதி. "கையில மட்டும் விபூதி படாம விட்டுரு."

அவள் நெற்றியையும் இமையையும் ஈரத்துணியால் துடைத்தேன். கையை மறுபடி சோப்பு போட்டு, சோப்பு வாசம் போகும்வரை அலசினோம். சில்லையும் அலசினோம். வைத்தாள். இமைத்தாள். கண்ணில் நீர் கோத்தது... அலறல் இல்லை. தூசி விழுந்த மாதிரி உறுத்துகிறது, எரியவில்லை என்றாள். எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அத்தை! ரெண்டே மலைதான் அத்தை! படியில ஆளுங்க ஏறுறது தெரியுது!"

பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பப் பூசலாமா மதினி?" என்று கேட்டாள். இப்போது எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்: முதலில் கண், அப்புறம் நெற்றி.

பிள்ளைக்கு நல்லதென்று நாம் செய்வதே சில சமயம் பிள்ளையின் கண்ணில் விழுகிறது. அழுதால் பிள்ளையைத்தான் திட்டுகிறோம். நம் விரலை யார் பார்க்கிறோம்?

பஸ்ஸில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? கோமதி சில்லை வைத்து, இமைத்துப் பார்த்துவிட்டு, "இப்பக் குடுங்க தாத்தா" என்று கையை நீட்டினாள். பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நெற்றி நிறையப் பூசிக்கொண்டாள். "போலாம் ரைட்!" என்றார் கண்டக்டர்.

பஸ் கிளம்பின வேகத்தில் பெரியவர் கையில் மீதியிருந்த விபூதி கண்டக்டர் கண்ணில் போய் விழுந்தது... அவர் போட்ட சத்தத்துக்கு முன்னால் என்னுடையதெல்லாம் ஒரு சத்தமா?