உடையாத சட்டிகள்

எனக்கு அக்கி வந்தபோது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஒரு பக்கமாகக் கொப்புளங்கள் கிளம்பி எரிந்தன. அக்கியின் தலையும் வாலும் இடுப்பைச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்காது என்று எதிர்வீட்டுப் பெண் சொல்லிவிட்டாள். அதன்பிறகு சட்டையைத் தூக்கித் தூக்கி, இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

கள்ளக்குறிச்சி டாக்டரிடம் மாத்திரை வாங்கிய கையோடு, அம்மாவும் அப்பாவும் என்னைத் தியாகதுருகத்துக்கு அழைத்துப் போனார்கள். சட்டி பானை செய்கிற ஒரு வீட்டில் அக்கி எழுதுவார்கள். அந்த வீட்டு அம்மாள் காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு இழைத்து, கோழி இறகால் தொட்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கொப்புளங்கள் மேல் ஒரு சிங்கம் எழுதினார். பார்ப்பதற்கு அது எங்கள் தெரு நாய் மாதிரிதான் இருந்தது. ஆனால் இறகு போன இடமெல்லாம் குளிர்ந்தது.

எழுதியதற்குக் கூலி கொடுக்கக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது. கிளம்பும்போது ‘வரேன்’ என்று மட்டும் சொல்லவே கூடாது. சொன்னால் அக்கியும் திரும்பி வந்துவிடும். இதையெல்லாம் அம்மா பஸ்ஸிலேயே சொல்லி வைத்திருந்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் வாசலுக்கு வந்தேன். அப்பாவுக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. வாட்ச்மேனில் தொடங்கி மேனேஜர் வரை எல்லோரிடமும் சொல்லிப் பழகிய வாய். கையெடுத்துக் கும்பிட்டு, “ரொம்ப நன்றிங்க, போயிட்டு வரோங்க” என்றார்.

தலையும் வாலும் சேர்ந்தே விட்டன என்று நான் ஓவென்று அழுதேன்.

“இன்னாங்க நீங்க, படிச்சி படிச்சி சொல்லிக்கினு வந்தேனே!” என்று அம்மாவும் அழுதுவிட்டாள்.

அந்த அம்மாளோ சிரித்தார். “அழுவாத கண்ணு. கழுவிட்டு மறுபடி எழுதிக்கினா போச்சி. இந்த தபா உங்கப்பாவ ரோட்டுலயே நிக்கச் சொல்லு.”

இரண்டாவது சிங்கத்துக்கு மீசையும் வைத்தார். அம்மா ஒரு வார்த்தை பேசாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு வந்தாள்.

அக்கி இறங்கிவிட்டது. மாத்திரையா, சிங்கமா என்று நான் ஆராயவில்லை. கொடுத்தவரும் எழுதியவரும் நன்றாக இருக்கட்டும்.

அதன்பிறகு அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. தியாகதுருகம் பக்கம் போனால் அந்த வீட்டில் நின்று, “சட்டி ஒடஞ்சி போச்சிக்கா” என்று புதிதாக ஒன்று வாங்குவாள். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பும் எவர்சில்வரும்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே சொன்னேன். “ஒடயலம்மா. எல்லாம் பரண் மேல கீதே.”

அம்மா தொடையில் கிள்ளினாள். அந்த அம்மாள் காதில் விழாதவர்போல ஒவ்வொரு சட்டியாகத் தட்டிப் பார்த்து, நன்றாக ஒலித்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“இதுவும் சீக்கிரம் ஒடஞ்சிடும். மறுபடி வா.”

“வரேன்க்கா!” என்றாள் அம்மா, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

அம்மா பொய் சொல்கிறாள், அந்த அம்மாள் பாவம், அதை நம்பிவிட்டார் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.