இடது முன் இருக்கை

தெரிந்தேதான் உட்கார வைத்தேன்.

என் காரின் இடது முன் இருக்கையில் யாரும் உட்காரக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்த அன்று மாலையே என் மனைவியையும் மகளையும் பின்னால் மாற்றிவிட்டேன். என் நண்பன் சிவராஜை மட்டும் மாதக்கணக்கில் அதே இருக்கையில் வைத்து ஓட்டினேன். ஒரு நாள் அவனுடைய அம்மாவையும்... அந்த அம்மாளுக்கு என் கையாலேயே சீட் பெல்ட் மாட்டிவிட்டேன்!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள், அவ்வளவுதான்.

கார் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, கம்பெனியிலிருந்து செல்போனுக்குச் செய்தி வந்தது. இடது முன் இருக்கைக்கு எதிரே உள்ள ஏர்பேக்கில் குறைபாடு கண்டறியப்பட்டுள்ளது. மோதலின்போது அது விரிந்தால் உலோகத் துண்டுகள் சிதறக்கூடும். இலவசமாக மாற்றித் தருகிறோம். அதுவரை அந்த இருக்கையில் யாரையும் அமர்த்த வேண்டாம். மிகவும் பணிவான செய்தி. 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று முடிந்திருந்தது.

மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். முன்மேசையில் இருந்த பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்: "பார்ட் இன்னும் வரலீங்க சார். வந்தொடனே நாங்களே கூப்புடறோமுங்க."

"எப்பங்க வரும்?"

"அடுத்த வாரம் வந்துருமுங்க."

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அதே குரல், அதே 'வந்துருமுங்க'. சண்டை போடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போவேன். "ஏனுங் சார், காபி குடிக்கறீங்களா?" என்று கேட்பாள். நம் ஊரில் இது ஒரு பெரிய தொல்லை. 'ங்க' போட்டுப் பேசுகிறவர்களிடம் எப்படிக் கத்துவது? நானும் "சரிங்க, பார்த்துச் சொல்லுங்க" என்று திரும்பி வருவேன். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக் கத்துவேன்.

சுவர் போதாமல், என்னைப் போலவே மாட்டிக்கொண்ட கார்க்காரர்கள் சேர்ந்திருந்த வாட்ஸ்அப் குழுவில் கத்தினேன். அங்கே நான்தான் பெரிய போராளி! 'ஆபத்து என்று தெரிந்தும் மனிதர்களை அதன் முன்னால் உட்கார வைப்பது கொலைக்குச் சமம் இல்லையா? உங்கள் வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைப்பீர்களா?' என்று கம்பெனியைக் கேட்டு நீளமாக எழுதினேன். கைதட்டல்கள் குவிந்தன. பலர் அதை எடுத்து வேறு குழுக்களுக்கு அனுப்பினார்கள்.

அதை எழுதிய காலையிலும் சிவராஜ் அந்த இருக்கையில்தான் உட்கார்ந்து வந்தான்.

சிவராஜ் யார் என்று சொல்ல வேண்டும்.

அவனும் நானும் அன்னூர்ப் பக்கம் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். அவனுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். என் அப்பாவிடம் ஒரு ஜீப் இருந்தது. முன் இருக்கை காலியாகக் கிடந்தாலும், சிவராஜின் அப்பா பின்னால் தவிட்டு மூட்டைகளின் மேல்தான் உட்கார்ந்து வருவார். அப்படி உட்காரும்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இல்லாதபடி எல்லாம் ஏற்பாடாகி இருந்தது.

இப்போது நாங்கள் இருவரும் சரவணம்பட்டியில் ஒரே அலுவலகம். வேலையில் அவன் எனக்கு ஒரு படி மேல். நான் போத்தனூரிலிருந்து வருகிறேன், அவன் வழியில் கணபதி என்ற பகுதியில் இருக்கிறான். சத்தி ரோட்டு நெரிசலில் பைக் ஓட்டி அவனுக்கு முதுகு போய்விட்டது. "என் கூட வாடா, வழியில ஏத்திக்கறேன்" என்று நான்தான் கூப்பிட்டேன்.

முதல் நாள் கணபதியில் வண்டியை நிறுத்தினேன். அவன் கை பின்கதவுக்குப் போயிற்று. லேப்டாப் பையை வைக்கத்தான் போயிற்றோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் நான் சத்தமாகச் சொன்னேன்: "டேய், முன்னாடி ஏறுடா! நான் என்ன உனக்கு டிரைவரா?"

அவன் சிரித்துக்கொண்டே முன்னால் ஏறினான். எனக்கோ அன்று முழுக்க நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. அப்பா செய்யாததை நான் செய்துவிட்டேனாம்! மாப்பிள்ளை வந்தால் முன் இருக்கை, சம்பந்தி வந்தால் முன் இருக்கை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மரியாதையைச் சிவராஜுக்குக் கொடுத்தேன். கொடுத்ததை மனதுக்குள் எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டேன்... சே!

அதற்குப் பிறகுதான் அந்தச் செய்தி வந்தது.

இனி எப்படி 'பின்னாடி உக்காருடா' என்று சொல்வது?

'ஏர்பேக் ரிப்பேர்டா, பின்னாடி உக்காரு.' இவ்வளவுதானே? சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அந்த வாக்கியம் என் வாயில் வேறு மாதிரிக் கேட்டுவிடுமோ என்று பயந்தேன். அவன் ஜீப்பை நினைத்துவிடுவானோ, ஏர்பேக் என்பதெல்லாம் சாக்கு என்று நினைத்துவிடுவானோ... எப்படியும் அடுத்த வாரம் பார்ட் வந்துவிடும், அதற்குள் ஏன் சங்கடம் என்று தள்ளினேன். அப்புறம் ஒரு மாதம் போனது. இப்போது சொன்னால், 'ஒரு மாசமாத் தெரிஞ்சே உக்கார வெச்சயாடா?' என்று கேட்பானே! அதனால் இன்னும் தள்ளினேன்.

என் மச்சினனாக இருந்திருந்தால்? யோசித்துப் பார்த்தேன். கூசாமல் சொல்லியிருப்பேன். "மாப்ள, பின்னாடி போங்க, அது ரிப்பேரு" என்றால் அவன் பின்னால் போயிருப்பான், விஷயம் முடிந்தது. என் ஆள்களுக்கு நான் உயிரைக் காப்பாற்றித் தந்தேன். சிவராஜுக்கு மரியாதையைத் தந்தேன். புரிகிறதா உங்களுக்கு? அவன் மனம் புண்படும் என்றா நான் பயந்தேன்? இல்லவே இல்லை. நல்லவன் என்ற என் பேர் கெட்டுவிடும் என்று பயந்தேன்.

என் மனைவி கவிதா ஆரம்பத்திலேயே கேட்டாள்.

"ஏனுங்க, சிவராஜ் அண்ணன்கிட்டச் சொல்லீட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"பின்னாடியா உக்காந்து வர்றாரு?"

"ஆமா."

அந்த 'ஆமா' எவ்வளவு சுலபமாக வந்தது! நாக்கு தடுக்கவில்லை, குரல் மாறவில்லை.

ஆனால் சாலையில் நிம்மதி போயிற்று. கணபதியில் அவன் ஏறியதும் என் கண் அலைய ஆரம்பிக்கும். முன்னால் போகும் லாரி, குறுக்கே வரும் மொபெட், ஓரத்தில் கதவு திறக்கும் ஆட்டோ... எல்லாமே எமனாகத் தெரியும். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் என் இடது கை தானாக நீண்டு அவன் நெஞ்சை மறிக்கும். "என்னடா இது, கொழந்தையாட்டம் புடிக்கற?" என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன். சட்டைக்குள் வியர்வை வழியும்.

பிறகு அந்த நாள் வந்தது.

அவனுடைய அம்மா மாராத்தாளுக்குக் கண்புரை ஆபரேஷன். வீட்டுக்குக் கூட்டிப்போகக் கார் வேண்டும் என்றான். எப்படி மாட்டேன் என்பது? ஆஸ்பத்திரி வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றவர், நேராகப் பின்கதவுக்குத்தான் போனார். அவருக்கு அதில் யோசனையே இல்லை.

"அம்மா, முன்னாடி ஏறு. பின்னாடி குனிஞ்சு ஏறோணும். டாக்டர் குனியக் கூடாதுன்னாங்கல்ல?" என்றான் சிவராஜ்.

"வேண்டாம் கண்ணு. நான் பொறகாலயே உக்காந்துக்கறேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

பாருங்கள், கடவுளே கதவைத் திறந்து வைத்தது போல ஒரு சந்தர்ப்பம்! 'அம்மா சொல்றதே சரிடா' என்று ஒரு சொல் போதும். யாரும் எதுவும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்த அம்மாளே கேட்டாரே!

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அதெல்லாம் இல்லீங்கம்மா, முன்னாடி உக்காருங்க. இது நம்ம வண்டி."

நம்ம வண்டி! சிவராஜின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்காகத்தான் சொன்னேன். பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன். மாராத்தாள் எதிரே இருந்த பலகையை மெல்லத் தடவிப் பார்த்தார். "மழமழன்னு இருக்குதுங் சாமி" என்றார். அவர் விரல்களுக்கு அடியில்தான் அந்தப் பை மடிந்து கிடந்தது.

கணபதியை நெருங்கும்போது முன்னால் போன டவுன் பஸ் சட்டென்று நின்றது. மிதித்தேன். போதவில்லை. டொம்மென்று பம்பர் போய் பஸ்ஸில் இடித்தது. என் கை மாராத்தாளின் குறுக்கே நீண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்...

ஒன்றும் விரியவில்லை. மெல்லிய இடிதான்.

கதவைத் திறந்து இறங்கினேன். சாலையோரமாகவே குந்தி உட்கார்ந்து அழுதேன். பஸ் கண்டக்டர் திட்ட வந்தவர், என்னைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அடி பட்டுருச்சுங்களா?" என்று கேட்டார். சிவராஜ் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான். மாராத்தாள் கண்ணாடியைக் கழற்றாமல் இறங்கி வந்து, தடுமாறி, என் தலையில் கை வைத்தார்.

"ஒண்ணும் ஆகலைங் சாமி. பதறாதீங்க. எனக்கு ஒண்ணும் ஆகலை."

அவர் என்னைத் தேற்றினார். என்னை! அப்போதாவது சொல்லியிருக்கலாமே... சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் வெறி பிடித்தவன் போல சர்வீஸ் சென்டரில் போய்க் கத்தினேன். 'ங்க' எல்லாம் விட்டுவிட்டுக் கத்தினேன். அந்தப் பெண் மிரண்டு போனாள். பாவம், அவளா ஏர்பேக் செய்தாள்? ஒரு வழியாகப் பார்ட் வந்தது. காபி குடித்து முடிப்பதற்குள் மாற்றிவிட்டார்கள். இத்தனை மாதத் தவிப்புக்கும் அவ்வளவுதான் வேலை! "முடிஞ்சுதுங்க சார், இனி தாராளமா முன்னாடி உக்கார வெக்கலாமுங்க" என்றாள். நன்றி சொன்னேன். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் வாழ்த்தினார்கள். என் பழைய பதிவை ஒருவர் மறுபடி எடுத்துப் போட்டிருந்தார். படிக்க முடியாமல் குழுவிலிருந்து வெளியேறினேன்.

ஆபத்து நீங்கிவிட்டது, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போன வாரம் சிவராஜின் புது வீட்டுக்குப் புண்ணியார்ச்சனை. அதே கணபதிதான், இரண்டு தெரு தள்ளி. குடும்பத்தோடு போனோம். மாராத்தாள் கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் அவருடைய சொந்தக்காரப் பெண்கள்.

"உங்க ஊட்டுக்காரரு மாதர தங்கமான மனுசரு வருமாங் அம்மணி? என்னைய முன்னாடி சீட்டுல உக்கார வெச்சு, அவரு கையாலயே பெல்ட்டு மாட்டியுட்டாருங். பஸ்ஸுல இடிச்சப்ப, எனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு ரோட்டுல உக்காந்து அழுதுபோட்டாருங்! எம் பையனையும் தெனமும் முன்னாடிதான் உக்கார வெச்சுக் கூட்டீட்டுப் போறாரு."

அந்தப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவு அன்பான பார்வை...

கவிதாவும் பார்த்தாள்.

அவளுக்கு பம்பர் இடித்த தேதி தெரியும். பார்ட் மாற்றிய தேதியும் தெரியும். என் 'சொல்லிட்டேன்', என் 'ஆமா' இரண்டும் அவள் காதில் இருந்திருக்கும். இலையில் வைத்ததைச் சாப்பிட்டாள், மாராத்தாளிடம் சிரித்தே விடைபெற்றாள்.

காருக்கு வந்தோம். அவள் பின்கதவைத் திறந்து மகளோடு ஏறிக்கொண்டாள்.

"அதான் மாத்தியாச்சே... முன்னாடி வா" என்றேன்.

"தெரியுமுங்க."

வண்டி உக்கடம் தாண்டியதும் பின்னாலிருந்து, மகள் தூங்கிவிட்டாள் என்று உறுதி செய்துகொண்டு, அவள் சொன்னாள்: "நான் அண்ணன்கிட்டச் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லோணும். அதுவரைக்கும் நான் இங்கயே உக்காந்துக்கறேனுங்க."

இன்றுவரை பின்னால்தான் உட்காருகிறாள். மகள், "அம்மா ஏன் முன்னாடி போக மாட்டேங்கற?" என்று கேட்டால், "அப்பாவக் கேளு" என்கிறாள்.

உங்களிடம் சொல்ல முடிந்தது, பார்த்தீர்களா? முகம் தெரியாத உங்களிடம் எவ்வளவு பேசிவிட்டேன்!

இன்று காலை சொல்லிவிடுவது என்று போத்தனூரிலிருந்தே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கணபதியில் நின்றேன். சிவராஜ் முன்கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டினான். மடியில் ஒரு டப்பா.

"அம்மா உனக்குக் கச்சாயம் சுட்டுக் குடுத்துட்டாங்க. நீதான் மொதல்ல திங்கோணுமாம்" என்றான்.

திறந்து ஒன்றை என் வாயருகே நீட்டினான். நான் வாயைத் திறந்தேன்.

தின்றுவிட்டு, வண்டியை எடுத்தேன்.