கல்மரம் பார்க்கப் போயிருந்தோம்

பத்தேகால் பஸ்ஸுக்குப் பின்னாலேயே தாசில்தாரின் ஜீப் எங்கள் ஊர் மதகில் திரும்பியது என்று அம்மா சொல்வாள். அந்த நேரத்தில் நான் ஊரிலிருந்து வெகுதூரத்தில், ஒரு காலத்தில் மரமாக இருந்து கல்லாகிப்போன ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து கமர்கட் தின்றுகொண்டிருந்தேன். அப்பா அந்தக் கல்லை விரலால் தட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பது வயது. அதுவரை என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான காலை வந்ததில்லை.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுத வைத்தவன் என் மகன். அரிசோனாவில் வேலை பார்க்கிறான். போன மாதம் அவனிடம் போயிருந்தபோது, அம்மா, உனக்கு ஒரு அதிசயம் காட்டுகிறேன் என்று என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். பாலைவனத்தில் ஒரு தேசியப் பூங்கா. சிவப்பும் சாம்பலுமாக மண்மேடுகள், அவற்றின் நடுவே மரவாடியில் அறுத்துப் போட்ட துண்டுகள் மாதிரி கல்மரங்கள் உருண்டு கிடந்தன. பட்டை தெரிகிறது, உள்ளே வளையம் தெரிகிறது, தொட்டால் கல். வாசலில் காக்கிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, போகும்போது ஒரு சில்லுகூட எடுத்துப் போகக் கூடாது என்று சிரித்த முகத்தோடு சொன்னாள்.

நான் மகனைக் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இன்னிக்கு உனக்கு ஆபீஸ் இல்லையா?"

"லீவு போட்டிருக்கேன்மா."

"லீவுன்னு யாரு சொன்னா? எழுத்துல குடுத்தாங்களா?"

அவன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். அங்கே போன் சிக்னலும் இல்லை. தஞ்சாவூரில் பூட்டிவிட்டு வந்த வீடு, அவன் ஆபீசில் காலியாகக் கிடக்கும் நாற்காலி எல்லாம் ஒன்றாக நெஞ்சில் ஏறிக்கொண்டன. "வீட்ட யாரும்மா தூக்கிட்டுப் போகப் போறாங்க? மரத்தப் பாரேன்" என்றான். பார்த்தேன். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். எதற்கு இப்படி ஆகிறேன் என்று கேட்டான். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். ஊருக்குத் திரும்பியும் அந்தப் பயம் முழுதாக அடங்கவில்லை.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம், குடமுருட்டிப் பாசனம். ஆட்சி மாறி, நிலத்தில் உழுகிறவர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்த காலம். ஆட்சி மாறியதும் மிராசுதாரின் மகனும் கரைவேட்டிக்கு மாறிவிட்டிருந்தார். நிலம் மட்டும் மாறாமல் அவர்களிடமே இருந்தது. அதில் ஏழு மா நிலத்தை, இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல் வரும், அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. குத்தகை நெல்லைக் களத்திலேயே அளந்து கொடுத்துவிடுவது வழக்கம். ரசீது கேட்பது மரியாதைக் குறைவு. அதனால் எங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி அப்பாவின் கால்தான். அது அந்த வயலில் நிற்க வேண்டும்.

அப்பா மனு கொடுத்திருந்தார். அதிகாரி நேரில் வந்து வயல் வயலாக விசாரிப்பார் என்று தண்டோராவும் போட்டாயிற்று. விவசாயச் சங்கத்துக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் ஒரு காலை ஊன்றியபடியே சொல்லிவிட்டுப் போனார். "அன்னிக்கு வயல்ல நில்லுங்க. காய்ச்சலா இருந்தா கட்டிலோட தூக்கிட்டு வந்து வரப்புல போடச் சொல்லுங்க. ஆளு நின்னாத்தான் பேரு ஏறும். ஏறலேன்னா, அடுத்த நடவுக்கு நீங்க கூலிக்குத்தான் எறங்கணும்."

அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, மிராசுதார் வீட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பண்ணைக்குள்ளே நம் ஆள் ஒருவர் இருப்பது நல்லதுதான் என்று அப்பா நினைத்தார். மிராசுதாரும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும்.

விசாரணைக்கு முந்தின நாள் மாமா வந்தார். வழக்கம்போல எனக்கு முறுக்குப் பொட்டலம்.

"தள்ளிப் போயிருச்சு அத்தான். அடுத்த வாரமாம். தாசில்தாருக்கு வேற ஜோலி" என்றார்.

"யாரு சொன்னா மாப்ளே?"

"கர்ணமே சொன்னாரு. பண்ணையில உக்காந்து காப்பி குடிக்கறப்ப என் காதால கேட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். பொங்கலுக்கு வரிசை கொண்டுவந்தபோது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்ன கல்மரத்தைப் பற்றி நான் அவரிடம் அளந்திருந்தேன். அதை அவர் மறக்கவில்லை. "பாப்பா, நாளைக்குப் பண்ணை லாரி அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஏத்தப் போவுது. அந்த வழியிலதான் சாத்தனூர். கல்மரம் பாக்கறியா? அத்தான், நீங்களும் வாங்க. மாடு கன்னு, வயலு வாய்க்கான்னு எங்கதான் போயிருக்கீங்க?"

நான் குதித்த குதிப்பில் தூளியில் தூங்கிய தம்பி எழுந்துவிட்டான். அம்மா மட்டும் உலையைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "தண்டோரா போட்டவன் வந்து தள்ளிப் போச்சுன்னு சொல்லலையே?"

"ஒன் தம்பிதானே சொல்றான்" என்றார் அப்பா.

"என் தம்பிதான்" என்றாள் அம்மா. அதோடு விட்டுவிட்டாள்.

விடியும்போது லாரி புறப்பட்டது. முன்னால் டிரைவர், அப்பா, அப்பா மடியில் நான், ஓரத்தில் மாமா. திருச்சி போய், கொள்ளிடம் பாலம் தாண்டியதும் எனக்குத் தெரிந்த உலகம் முடிந்துவிட்டது. வாய்க்கால் இல்லை, வரப்பு இல்லை. கறுத்து வெடித்த மண்ணும் அங்கங்கே பருத்திச் செடியும் மட்டும். "தண்ணி பாய்ச்சாம இந்த ஊரு சனங்க எப்படித்தான் சோறு திங்குதுங்களோ" என்று அப்பா பரிதாபப்பட்டார். அன்றைக்கு அவர் எல்லோருக்காகவும் பரிதாபப்பட்டார், தன்னைத் தவிர.

ஓடைப் படுகையில் மரம் படுத்திருந்தது. கிளையில்லை, இலையில்லை, நீண்டு கிடந்த அடிமரம், அங்கங்கே ஒடிந்து. சுற்றிலும் கம்பி வேலி, ஒரு பலகை. மாமா பலகையைப் படித்துச் சொன்னார். பல கோடி வருஷத்துக்கு முந்தி இங்கே கடல் இருந்ததாம், அதில் அடித்து வந்த மரம் புதைந்து கல்லாயிற்றாம்.

அப்பா குனிந்து வேலிக்குள் கை விட்டு அதைத் தட்டினார். "பல கோடி வருஷமா ஒரே எடத்துல கெடக்குது. இதுக்கு எந்தத் தாசில்தாரும் இன்னும் அனுபோகப் பாத்தியதை எழுதித் தரலையா மாப்ளே?"

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் புரியாமல் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்று முழுக்க அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கமர்கட் வாங்கிக் கொடுத்தார், கலர் சோடா வாங்கிக் கொடுத்தார், ஓடையில் கிடந்த கல்மரச் சில்லு ஒன்றைத் தேடி எடுத்து என் கையில் வைத்து மூடினார். தான் மட்டும் ஒன்றும் தின்னவில்லை. வயிறு சரியில்லையாம். நான் அதை நம்பினேன். கடிகாரத்தைப் பார்ப்பதையும், புதுக் கடிகாரம் என்ற பெருமை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு லாரி சிமெண்ட் ஏற்றப் போய்விட்டது. எங்கள் மூவரையும் அங்கேயே புளியமரத்தடியில் இருக்கச் சொன்னார் டிரைவர். அப்பா துண்டை விரித்துப் படுத்தவர் தூங்கியே போனார். பகலில் அவர் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். ஈ விரட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் ஒருவர் பகலில் தூங்குகிறார் என்பது, நாங்களும் பெரிய மனிதர்களாகிவிட்ட மாதிரி இருந்தது.

அன்று ஊரில் நடந்ததை அம்மா ஒரே மூச்சில் ஒருநாளும் சொன்னதில்லை. நான் கல்லூரி போன பிறகு, கறிகாய் நறுக்கும்போது கொஞ்சம், துணி மடிக்கும்போது கொஞ்சமாகச் சொன்னாள். உளுந்து எடுத்துவிட்டு வயல் சும்மா கிடந்த கோடை அது. கொல்லையில் அவள் உளுந்து நெற்று உடைத்துக்கொண்டிருந்தபோது ஜீப் சத்தம் கேட்டிருக்கிறது. மடியில் கட்டிய நெற்றோடு, இடுப்பில் தம்பியோடு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் வயலில் பண்ணையின் ஏர்கள் உழுதுகொண்டிருந்தன. காலையிலேயே இறக்கிவிட்டிருந்தார்கள். வரப்பில் தாசில்தார், ஊர் நிலக் கணக்கு எழுதும் கர்ணம், பண்ணைக் காரியக்காரர்.

"இந்த மனுக்காரன் எங்கம்மா?" என்று தாசில்தார் கேட்டார்.

"கல்மரம் பாக்கப் போயிருக்காங்க."

"என்ன மரம்?"

"மரங்க. கல்லாப் போன மரம்."

வரப்பிலிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். கர்ணம்தான் எடுத்துக் கொடுத்தார். "பாருங்க சார், நெலத்துல பாத்தியதை உள்ளவன் விசாரணை அன்னிக்கு மரம் பாக்கப் போவானா? அதுவும் கல்லு மரம்." காரியக்காரர், பண்ணையே நேரடியாகச் சாகுபடி செய்கிறது, ஏர் ஓடுவதைத்தான் பார்க்கிறீர்களே என்றார். அண்டை வயல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவருடைய மனுவையும் அன்றைக்குத்தான் விசாரணைக்கு எடுக்க இருந்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெயர் ஏறவில்லை. மேல்மனு, வாய்தா என்று சில வருஷம் அப்பா தஞ்சாவூருக்கு அலைந்தார். பிறகு அதே ஏழு மாவில் கூலிக்கு வரப்பில் அண்டை வெட்டினார். நான் படித்தேன், தம்பி படித்தான், இருவரும் சம்பாதித்தோம். ஊரில் நிலம் வாங்கித் தருகிறேன் என்று தம்பி சொன்னபோது, "அந்த நெலமா?" என்று மட்டும் அப்பா கேட்டார். அது எப்போதோ மனைக்கட்டாகியிருந்தது.

மாமா எல்லாம் தெரிந்தே செய்தாரா, அவரையும் பொய் சொல்லி அனுப்பினார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று லாரி எங்கள் தெருமுனையில் நின்றபோது அவர் இறங்கவில்லை. சிமெண்ட் மூட்டைகளோடு பண்ணை வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்குள் அவர் வரவேயில்லை. ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் நாள் விடியலில் கரும்பும் மஞ்சள் கொத்தும் புதுப் புடவையும் வாசலில் இருக்கும். உடன்பிறந்தவன் வரிசை வைக்காமல் இருக்கக் கூடாது. அம்மா எடுக்க மாட்டாள். கரும்பை மாடு தின்னும். புடவையைக் குளத்துத் தெருவில் யாராவது கட்டியிருப்பார்கள். மாமா இறந்தபோது அம்மா போனாள்; முகத்தைப் பார்த்துவிட்டு, அழாமல் திரும்பினாள். அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அந்தப் புளியமரத்தடித் தூக்கத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அன்று நிழல் நகரும்போதெல்லாம் மாமா எழுந்து, அப்பா முகத்தில் வெயில் படாமல் துண்டை இழுத்துவிட்டார். அதை நான் பார்த்தேன். யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வீடு திறந்து கிடந்தது, அடுப்பு பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை தம்பியைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தாள். "பாப்பாவோட அம்மா வயல்லயேதான் நிக்குது. ஏரு போயி, ஜீப்பு போயி எல்லாம் ஆச்சு. கூப்பிட்டா வரமாட்டேங்குது" என்றாள். நடந்ததை அவள் நாலு வார்த்தையில் சொன்னாள். அப்பா தம்பியை இறுக்கிக்கொண்டு நடையில் நின்றார். வயலுக்குப் போக ஒரு எட்டு வைத்தார். பிறகு வைக்கவில்லை.

எனக்கு அம்மா எப்போது வருவாள் என்று இருந்தது. கடல், கலர் சோடா, பாலம், வேலி எல்லாவற்றையும் எந்த வரிசையில் சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அம்மா வந்தாள். முழங்கால் வரைக்கும் புழுதி. மடியில் கட்டிய உளுந்து நெற்று அப்படியே இருந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவே இருக்கா பாப்பா, அப்படி ஒரு மரம்?"

அம்மாவுக்கும் பார்க்க ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. பாவாடை மடிப்பிலிருந்து சில்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பி, நகத்தால் கீறிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இத மரம்னு காட்டினா," என்றாள், "நம்புவாங்களா பாப்பா?"