குமுதா எடுக்காத அழைப்புகள்

பினாங்கில், ஆயர் ஈத்தாம் பசாருக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடியில் குமுதாவைத் தெரியாதவர்கள் கிடையாது. லிஃப்ட் கெட்டுப்போனால் நிர்வாகத்துக்குப் போன் போட்டுக் கத்துவது அவள்தான். மேல்மாடியிலிருந்து குப்பை வீசுகிறவன் யாரென்று கண்டுபிடித்து, அவன் கதவைத் தட்டி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதும் அவள்தான். நல்ல மனசுக்காரி. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அதற்கு மட்டும் பிரேக் கிடையாது. அந்த வாயும் அதற்குத் துணையாக ஒரு பயமும் சேர்ந்து அவள் பிழைப்பில் மண் அள்ளிப் போடப் பார்த்த கதைதான் இது.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. அதில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷம். சேர்ந்தபோது மகள் அதிரா கைக்குழந்தை. விடிவதற்கு முன்னால் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் கிலாங் பஸ் பிடித்துப் போய், தரம் பார்க்கும் பிரிவில் நின்று நின்று, கடைசியில் ஒரு லைனுக்கே தலைவி ஆனாள். கணவர் இறந்தபோதுகூட காரியம் முடிந்த கையோடு வேலைக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளைப் போன மார்ச் மாதம் எல்லாரோடும் சேர்த்துக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, கம்பெனி வேறு நாட்டுக்குப் போகிறது என்று சொல்லி, கேக்கும் கோப்பியும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கேக்கை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அதிரா இப்போது தெற்கே ஜொகூரில் இருக்கிறாள். அவளுக்கும் ஒரு கைக்குழந்தை. செய்தி கேட்டதும் அன்றைக்கே போன் செய்தாள்.

"போதும்மா, எவ்ளோ காலத்துக்கு இப்படி ஒழைப்பீங்க? இங்க வந்துருங்க. பாப்பாவ பேபிசிட்டர்கிட்ட விட்டுட்டு வேலைக்குப் போக எனக்கு மனசே வரல."

குமுதாவுக்குப் பேத்தி என்றால் உயிர். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மகள் வீட்டுச் சின்ன அறையில் துணியை அடுக்கிக்கொண்டு, டிவி போடுவதற்கும் ஃபேன் வேகத்தைக் கூட்டுவதற்கும் மருமகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மிச்சக் காலம் முழுக்க இருப்பதா? நாற்பத்தேழு வயது ஒரு வயதா? அவளுக்கு வேலை வேண்டும். காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் வேண்டும். மகளிடம் இதையெல்லாம் சொல்லப் போனால் சண்டையில்தான் முடியும். அதனால் சுருக்கமாக முடித்தாள்.

"தீபாவளிக்கு நீ வந்துட்டு கெளம்புற வரைக்கும் விடு அதிரா. அதுக்குள்ள ஒரு இண்டர்வியூகூட வரலன்னா நானே பொட்டிய கட்டிக்கிட்டு ஒங்கூட வந்துர்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா லா."

சொன்ன சொல் மாறாதவள் என்பது அவளுடைய இன்னொரு கஷ்டம்.

வேலை தேடுவதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டாள். காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டு, தொழிற்சாலைக்குப் போகிற மாதிரியே உடுத்திக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவாள். டவுனில் நடந்த ஓர் இலவச வகுப்புக்குப் போய் ரெசுமே எழுதக் கற்றுக்கொண்டாள். முதலில் எழுதியதில் 'தரப் பரிசோதனை, 22 வருடம்' என்று ஒரே வரிதான் இருந்தது. வகுப்பு எடுத்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "அங்க நின்னீங்கன்னு தெரியுது, என்ன செஞ்சீங்கன்னு தெரியலையே" என்றாள். குமுதாவுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து யோசித்து யோசித்து எழுதினாள். நேப்பாளத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் கைச்சாடையிலேயே வேலை பழக்கியது. வாடிக்கையாளர் கம்பெனி சோதனைக்கு வந்தபோது முன்னால் நின்று பதில் சொன்னது. எழுத எழுத, இத்தனையும் நானா செய்தேன் என்று அவளுக்கே கண் கலங்கியது. அதை வேலை தேடும் தளங்களில் ஏற்றி, தினமும் பார்த்துப் பார்த்து விண்ணப்பித்தாள்.

ஒரு பதிலும் இல்லை. மே போனது, ஜூன் போனது. ஆகஸ்டு பிறந்தும் ஓர் ஆள்கூடக் கூப்பிடவில்லை.

"வயசப் பாத்துட்டு தூக்கிப் போட்டுர்றானுங்க" என்று எதிர்வீட்டு வள்ளியம்மாவிடம் பொருமினாள். "இருபது வயசுப் புள்ளைங்க வேணுமாம் இவனுங்களுக்கு. நல்லா இருக்கட்டும்!"

வள்ளியம்மா இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. அதற்கும் காரணம் இருந்தது. போன வருஷம் அவளுக்கு ஒரு போன் வந்தது. போலீஸ் என்றான். முழுப்பெயரைச் சொன்னான். உன் பெயரில் வழக்கு இருக்கிறது, வெளியே சொன்னால் கைது என்று மிரட்டினான். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் கரண்டி பிடித்துச் சேர்த்ததையெல்லாம் பாவம் அந்த மனுஷி பயத்திலேயே அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அந்த மாடி முழுக்க ஒரே சட்டம்: தெரியாத நம்பர் வந்தால் எடுக்கக்கூடாது. சட்டம் போட்டவள் வேறு யார்? குமுதாதான். தெரியாத நம்பர் வந்தால் வெட்டு, உடனே பிளாக் செய். வாட்ஸ்அப்பில் வந்தாலும் அதே கதி. மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் உட்கார வைத்து அதைப் பழக்கிக் கொடுத்ததும் அவள்தான்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவளுக்குத்தான் புரியவில்லை. விண்ணப்பத்தில் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, கூப்பிடுகிறவனை எல்லாம் பிளாக் செய்துகொண்டிருந்தாள்! அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வீட்டில் இழவு விழுந்த மாதிரி வள்ளியம்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்த கண்ணுக்கு, தெரியாத நம்பர் என்றாலே திருடன் முகம்தான் தெரிந்தது.

ஒருநாள் ஒரே காலையில் வேறு வேறு நம்பரிலிருந்து விடாமல் அடித்தது. பொறுக்க மாட்டாமல் எடுத்தாள். ஒரு பெண் குரல், மலாயில், ரொம்ப மரியாதையாக அவளுடைய முழுப்பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னது. எங்கிருந்து பேசுகிறேன் என்று ஏதோ சொல்லிவிட்டு, உறுதி செய்ய அடையாள அட்டையின் கடைசி எண்களைச் சொல்ல முடியுமா என்று கேட்டது. அவ்வளவுதான், குமுதாவுக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மலாயில் திட்டினால் திருப்திப்படாது என்று தமிழுக்குத் தாவினாள்.

"ஏண்டி, வயசான பொம்பளைங்க வயித்துல அடிக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா? வெளங்குவியா நீ? ஒன்னப் பெத்தவ பாத்தா நாண்டுக்குவா! போயி நாலு பேரு மதிக்கிற மாதிரி ஒரு நல்ல வேலையா தேடிக்க, போ!"

வெட்டினாள், பிளாக் செய்தாள். நடந்ததை அப்படியே குரல்பதிவாக மாடிக் குழுவில் போட்டாள். எல்லாரும் கைதட்டல் படம் அனுப்பினார்கள். அன்றைக்கு மத்தியானம் வள்ளியம்மாகூடச் சிரித்தாள்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது டவுனில் ஒரு பேரங்காடியில் வேலைச் சந்தை நடந்தது. இதுதான் கடைசி என்று நினைத்து, ரெசுமேயைப் பிரதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மருத்துவக் குழாய்கள் செய்யும் ஒரு கம்பெனியின் மேசையில், முக்காடு அணிந்த இளம்பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சட்டையில் நஸீஹா என்று பெயர் குத்தியிருந்தது. ரெசுமேயை வாங்கிப் பெயரைப் படித்தவள் நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். பிறகு சுத்தமான பினாங்குத் தமிழில் சொன்னாள்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரி நான் நல்ல வேலையிலதான் இருக்கேன்."

குமுதாவுக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த நொடி எல்லாம் விளங்கிவிட்டது.

"அலாமாக்! நீயா… நீங்களா மா அது?"

"நான்தான். எங்க வீட்லயும் தமிழ்தான் பேசுவோம்க்கா. நீங்க பேசுனதுல ஒரு வார்த்தைகூட விடாமப் புரிஞ்சிச்சு."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மன்னிச்சிருமா என்ற ஒரு சொல்லைத் தவிர வாயில் எதுவும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வாய் அடைத்துப்போனது அன்றைக்குத்தான்.

நஸீஹா சிரித்துவிட்டாள். "அன்னிக்கு அழுதேன், பொய் சொல்லல. எங்க உம்மாகிட்ட சொன்னா, அவங்க ஒங்க பக்கம் பேசறாங்க! நானா இருந்தாலும் அப்படித்தான் ஏசியிருப்பேங்கிறாங்க. ஆனா அக்கா, ஒங்க ரெசுமே நல்லா இருந்துச்சு. அதனாலதான் ஆபீஸ் போன்லயும் என் போன்லயும் மாத்தி மாத்திக் கூப்பிட்டேன். அந்த எடத்துக்கு ஆளு எடுத்துட்டாங்களே, இப்ப என்ன செய்ய?"

வேறு பிரிவில் ஓர் இடம் காலியாகலாம், அந்தப் பிரிவு மேற்பார்வையாளரிடம் காகிதத்தைக் கொடுக்கிறேன், அவர் கூப்பிட்டாலும் கூப்பிடுவார் என்றாள் நஸீஹா. "எடுப்பீங்களாக்கா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் குமுதா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இன்னும் எத்தனை பேரோ? அந்த எண்ணம்தான் அவளை அரித்தது. எத்தனை நஸீஹாக்களைப் பிளாக் செய்தேன்? வயதைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று ஊரெல்லாம் ஏசினேனே, அதில் எத்தனை பேர் உண்மையில் ஒதுக்கினார்கள், எத்தனை பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போனார்கள்? பிளாக் பட்டியலில் வெறும் எண்கள்தான் இருந்தன; எது கம்பெனி, எது திருடன் என்று இனி கண்டுபிடிக்க வழியே இல்லை. பயந்தவர்களுக்குப் பாடம் எடுத்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள், எல்லாரையும்விடத் தான்தான் அதிகம் பயந்திருந்தாள் என்பதை அப்போதுதான் உணர்ந்தாள். அழுகை வந்தது. துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே பிளாக் செய்த பழைய நம்பர்களை எல்லாம் திறந்துவிட்டாள். பயத்தை விட்டாளே தவிர எச்சரிக்கையை விடவில்லை. இப்போது எந்த நம்பர் வந்தாலும் எடுப்பாள். எந்தக் கம்பெனி, பேர் என்ன, சரி, உங்கள் ஆபீஸ் நம்பரை நானே தேடிப் பிடித்துக் கூப்பிடுகிறேன் என்பாள். திருடனாக இருந்தால் அதிலேயே ஓடிவிடுவான். கடன் வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு, தண்ணீர் வடிகட்டி விற்றவர்கள் உண்டு. வேலைக்கென்று ஒருவரும் கூப்பிடவில்லை. தீபாவளியும் வந்துவிட்டது.

அதிரா காரோடு வந்திருந்தாள். பண்டிகை முடிந்த மறுநாள் புறப்பாடு. அன்றைக்குக் காலையில் அம்மாவின் துணிமணியை மகளே மடித்துப் பெட்டியில் வைத்தாள். குமுதா மறுப்பு சொல்லவில்லை. சத்தியம் செய்தாயிற்றே. பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழியனுப்ப வந்த மாடிக்காரர்களுக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் சிரித்தது, கண் மட்டும் அடிக்கொரு தரம் பெட்டிப் பக்கம் போய் வந்தது.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"எடுக்காத!" என்று கூடத்திலிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவள் பழக்கிய பழக்கம். வள்ளியம்மா ஓடிவந்து அவள் கையையே பிடித்துவிட்டாள். "வேணாம் குமுதா, எனக்குப் பயமா இருக்கு."

குமுதா அந்தக் கையை விலக்கவில்லை. குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, மறுகையால் போனை எடுத்தாள். ஓர் ஆண் குரல், மலாயில், அவளுடைய முழுப்பெயரைச் சொன்னது. எந்தக் கம்பெனி என்று கேட்க அவள் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து ஒரு பெண் குரல் தமிழில் கூவியது.

"அக்கா! அவர் பாவம், புதுசு! திட்டிராதீங்க!"

குமுதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி, பாதுகாப்புக் காலணியோடு வரவேண்டும். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லி வைத்தாள்.

"யாரும்மா?" என்றாள் அதிரா.

"இண்டர்வியூ." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேல கெடச்சிருச்சின்னு இல்ல. இண்டர்வியூதான்."

அதிரா அம்மாவைப் பார்த்தாள். வேலை போனதிலிருந்து தான் பார்க்காத முகம் அது. குழந்தையை வள்ளியம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். மடித்து வைத்ததையெல்லாம் கலைத்து, அடியில் கிடந்த கறுப்புத் தொழிற்சாலைக் காலணியை வெளியே எடுத்தாள்.

"இத ஏம்மா தொடைக்காம வச்சிருக்கீங்க?" என்றாள். "பழைய துணி ஒண்ணு குடுங்க, நான் தொடைச்சு வச்சிட்டுப் போறேன்."